அன்டிஃபைன்டுக்கும் சர்ப்பதோஷம் உண்டு

அமரவிளையில் பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள், குறி சொல்லும் நாகக் கம்ப்யூட்டருக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. செருப்புகளே வழி காட்டும். ரோட்டோரத்தில் தொடங்கி மாடிப்படி வரைக்கும் செருப்புகள். சோடியாக விட்டவர் சோடியாக எடுத்துப் போனதாகச் சரித்திரம் இல்லை. ஆனாலும், தொலைந்த செருப்பைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி அந்தக் கம்ப்யூட்டரை யாரும் கேட்டதில்லை.

மற்றதெல்லாம் கேட்டார்கள். ரப்பர் மரத்தில் பால் குறைந்தது ஏன்? மகனுக்கு விசா வராதது ஏன்? மருமகள் பேசாதது ஏன்? மருமகள் பேசுவது ஏன்? எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: சர்ப்பதோஷம். பரிகாரமும் ஒன்றுதான்: வெள்ளி நாகம். அது கீழே, சாமியின் மச்சினன் கடையில் கிடைக்கும்.

சாமியின் பெயர் சுயம்பு. அதே மாடியில் முன்பு கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியவர். பிள்ளைகளுக்கு அறிவைக் கொடுத்தபோது அவருக்கு வாடகைக்கு வழியில்லை. பெரியவர்களின் அறிவை வாங்கி வைத்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு கட்டடமே சொந்தமாகிவிட்டது.

பட்டுத்துணி விரித்த மேசை. அதன்மேல் சந்தனம் அப்பிய லேப்டாப். அதற்குள் தேவி இருப்பதாக ஐதீகம். பாம்புக் காவில் படைக்க வேண்டிய, அரிசிமாவில் மஞ்சள் கலந்த நூறும் பாலும் இங்கே கீபோர்டுக்கு முன்னால். ஒருநாள் பால் கொட்டி ஓர் எழுத்து வேலை செய்யாமல் போனது. "அந்த எழுத்தை தேவி எடுத்துக்கிட்டா" என்றார் சாமி. கூட்டம் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

"இது பைத்தான் பாஷையாக்கும்" என்று சாமி விளக்குவார். "பைத்தான்னா மலைப்பாம்பு. நாகராஜாவுக்க பாஷை! ஆனா தேவிக்க பாஷை வேற. ஜாவாஸ்கிரிப்ட். நான் பாம்பு பாஷையில விளிச்சா, பாம்பு போய் தேவியை விளிக்கும். தேவி ஆகாசத்துல கேட்டு பதில் கொண்டு வருவா." பதில் ஒரு பெண்ணின் தேன் குரலில், மலையாளத்தில் வரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாம்பையும் தேவியையும் கழித்துவிட்டால் மிச்சமெல்லாம் உண்மை. ஒரு மொழியில் எழுதிய புரோகிராம், வேறொரு மொழியில் எழுதிய லைப்ரரியைக் கூப்பிடும். அது இணையத்தில் ஏதோ ஒரு தளத்தைக் கேட்டுப் பதில் வாங்கி வரும். ஐ.டி. வேலை பார்க்கும் பிள்ளைகள் தினமும் செய்கிற காரியம்தான். அவர்களுக்கு யாரும் பால் வைப்பதில்லை.

அப்படிப்பட்ட பிள்ளைகளில் ஒருத்திதான் தனுவச்சபுரத்து ஆனந்தலட்சுமி. பாறசாலை அனில்குமாருக்கும் அவளுக்கும் நிச்சயம் முடிந்து, மண்டபமும் பிடித்தாயிற்று. அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா பகவதியம்மாள், பெண்ணின் நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டு அமரவிளை மாடி ஏறினார். இறங்கும்போது கல்யாணத்தை நிறுத்திவிட்டே இறங்கினார்.

"மாமியாருக்க தலைக்கு ஆபத்தாம் மக்கா" என்றார், மகனையும் கூட்டிக்கொண்டு ஆனந்தலட்சுமியின் வீட்டுக்கே வந்து. "வெள்ளி நாகம் வச்சாலும் ஒரு வருஷம் கழிச்சுத்தான் கெட்டணுமாம். நான் சாகணுமா, நிங்க கெட்டணுமா, நீயே செல்லு."

ஆனந்தலட்சுமிக்கு அழுகை முட்டியது. அனில்குமாரைப் பார்த்தாள். "ஒனக்கு என்ன தோணுது?"

"எனக்கா?" என்றான் அவன். "அம்மாட்ட கேட்டுட்டு செல்லுதேன்."

அழுகை போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. "மாமி, நாளைக்கு நானும் வாறேன். எனக்க முன்னால ஒருக்க கேப்போம்" என்றாள்.

மறுநாள் மாடியில் நிற்க இடமில்லை. பகவதியம்மாளும் மகனும் ஓர் ஓரத்தில் ஒண்டிக்கொண்டார்கள். முன்வரிசையில் தங்கையன். ஆரியங்கோட்டு ரப்பர்க்காரர், சாமியின் முதல் பக்தர். ஏற்கெனவே மூன்று வெள்ளி நாகம் வாங்கியவர். மரம்தான் இன்னும் பால் தரவில்லை.

"சாமி, தேவி எல்லாம் அறிவாளா?" என்று கேட்டாள் ஆனந்தலட்சுமி.

"சகலமும் அறிவா."

"அப்போ பேரும் நாளும் அடிக்காம கேக்கட்டா?"

சாமி தொண்டையைச் செருமினார். "அது... சம்பிரதாயம் இல்ல."

"பயப்படாதும் சாமி!" என்று ஊக்கம் கொடுத்தார் தங்கையன். "தேவி அறியாததா! காட்டிக்குடும்!" கூட்டமும் "காட்டணும்" என்றது. பக்தனை நம்பிக் கெட்டவர் சுயம்பு சாமி.

ஆனந்தலட்சுமி பட்டுத்துணியின் ஓரத்தைத் தூக்கினாள். அடியில் ஒரு போன். "இது ஆருக்கது?"

"அது தேவிக்க வாகனம்!"

"ஆகாசத்துல இருந்து வாறவளுக்கு வாகனம் என்னத்துக்கு? கொஞ்சம் ஓய்வெடுக்கட்டு" என்று போனை அணைத்தாள். லேப்டாப்புக்கு நெட் போயிற்று. பெயர்க் கட்டம் காலி, நட்சத்திரக் கட்டம் காலி. என்டரைத் தட்டினாள்.

கூட்டம் கண்ணை மூடிக் கைகூப்பியது. திரையில் வட்டம் சுற்றியது. பிறகு அதே தேன் குரல், அதே மலையாளம்:

"அன்டிஃபைன்ட் என்ன பக்தனு சர்ப்பதோஷம் உண்டு. ஒரு வெள்ளி நாகம் சமர்ப்பிக்கணும்."

அன்டிஃபைன்ட் என்கிற பக்தனுக்குத் தோஷமாம். தங்கையன்தான் முதலில் கண் திறந்தார். "ஆரு அந்த அன்டிஃபைன்ட்? எங்க ஆரியங்கோட்டுல அப்படி ஆரும் இல்லியே."

"பாறசாலைக்காரனா இருப்பான்" என்றது பின்வரிசை.

"எங்க ஊருலயும் இல்ல கேட்டியா. ஆரு பெத்த பிள்ளையோ, பாவம்!" என்றார் பகவதியம்மாள்.

ஆனந்தலட்சுமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அது ஆளு இல்ல மாமா. கேட்ட எடத்துல ஒண்ணும் இல்லன்னா ஜாவாஸ்கிரிப்ட் செல்லுத வார்த்தையாக்கும். பேரு இல்ல, நாளு இல்ல, ஆளே இல்ல. ஆளில்லாதவனுக்கும் சர்ப்பதோஷம்! நெட்டு இருந்தா ஏதோ ஒரு ராசிபலன் வரும். நெட்டை அணைச்சா அது நிண்ணு போச்சு. இந்தத் தோஷ வரி மட்டும் நிக்கலியே? அதை வாலுல ஒட்டி வச்சது ஆரு, சாமி?"

சாமி லேப்டாப்பைப் பார்த்தார். லேப்டாப் சாமியைப் பார்த்தது. தேவி கைவிட்டுவிட்டாள்.

தங்கையனுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. மூன்று நாகம் வாங்கிய மனசு. "இருந்தாலும் மக்கா, ஒரு பாஷையில விளிச்சா வேற பாஷைக்காரி வந்து பதில் கொண்டு வாறாளே. அது அற்புதம் இல்லியா?"

"காலம்பற மீன்காரிட்ட தமிழ்லதானே வெல கேக்குதிய? அவ மலையாளத்துலதானே செல்லுதா? அவளுக்கு பாலு வச்சியளா?"

"அவளுக்கு என்னத்துக்கு பாலு? அவ செல்லுத வெலய நான் பாதியாக்குவேன்!"

"அந்தப் புத்தி ஒமக்கு உண்டுதானே மாமா? இஞ்ச வரும்போ மட்டும் அதை ஏன் செருப்புகூட கீழ விட்டுட்டு வந்தீரு?"

தங்கையன் திரும்பிப் பார்த்தபோது மேசைக்குப் பின்னால் சாமி இல்லை. படியிறங்கிவிட்டார். அவசரத்தில் மாட்டியது இடதுகாலில் ஒருவர் செருப்பு, வலதுகாலில் இன்னொருவர் செருப்பு. கூட்டம் துரத்திப் போகவில்லை. தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

பகவதியம்மாள் முந்தானையால் முகம் துடைத்தார். "தோஷம் இல்லன்னா பின்ன என்ன மக்கா? குறிச்ச நாளுலயே கெட்டிரலாம்."

"அம்மா செல்லியாச்சு!" என்று பல் தெரியச் சிரித்தான் அனில்குமார்.

ஆனந்தலட்சுமி அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். "ஒனக்கு என்ன தோணுது?" என்று அதே கேள்வியைக் கேட்டாள்.

அவன் தலை தானாக அம்மாவின் பக்கம் திரும்பியது.

"செரியா போச்சு. நீயும் அந்த லேப்டாப்புதான். எதைக் கேட்டாலும் வெளிய விளிச்சுத்தான் பதில். உள்ள என்ன உண்டுன்னு பாத்துட்டு வா. அம்மாட்ட கேக்காம வா. பொறவு கல்யாணத்தைப் பேசலாம்."

அனில்குமார் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறானாம். முதல் தடவை அல்லவா, நேரம் ஆகும்.

சுயம்பு சாமி ஆற்றுக்கு அக்கரையில் வேறொரு மாடி பார்த்திருப்பதாகக் கேள்வி. அங்கேயும் செருப்புகள் சேரத் தொடங்கிவிட்டனவாம். பாம்பைக் கூப்பிட்டீர்கள், தேவியைக் கூப்பிட்டீர்கள், ஆகாசத்தையும் கூப்பிட்டீர்கள். ஐயா, அம்மா, உங்கள் மூளையையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். அதற்கு நெட் வேண்டாம்.