நாற்பது வீடியோ படித்த எருமை

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. அதற்கும் இந்தக் கதைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது பாட்டுக்குத் தூங்கட்டும். அதே காட்டில் ஆற்றங்கரைக் குட்டையோரமாக ஓர் எருமைக் குடும்பம் இருந்தது. புருசன் பெயர் சென்னியப்பன், பெண்டாட்டி பெயர் வேலாத்தா. எருமைதானே, 'அது, இது' என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்பீர்கள். பிள்ளை கப்பலில் வேலை பார்க்கிற குடும்பத்தை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. நீங்கள் வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள்.

அந்தப் பிள்ளை பெயர் கார்மேகம். சரக்குக் கப்பலில் பாரம் இழுக்கிறவன். ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்குப் போன் செய்தான். எருமை வீட்டில் போன் எப்படி என்று கேட்காதீர்கள். சுற்றுலா வந்த யாரோ பாறை மேல் மறந்துவிட்டுப் போனது. எருமை பேசுவதை ஒத்துக்கொண்டவர்களுக்கு இதை ஒத்துக்கொள்ள என்ன கஷ்டம்?

"அம்மா, பிலிப்பைன்சுல ஒரு பொண்ணைப் பார்த்து வெச்சிருக்கேன். பேரு லிகாயா. நெல்லு வயல்ல உழவு ஓட்டற குடும்பம்," என்றான்.

வேலாத்தா கொஞ்ச நேரம் அசை போடுவதையே நிறுத்திவிட்டாள். பிறகு, "நம்ம சனந்தானே கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எருமைதாம்மா. கொம்புதான் கொஞ்சம் அகலம்."

"அப்பறம் என்ன, கூட்டிட்டு வா."

"அத்தனை லேசு இல்லீம்மா. அவங்கம்மா நம்ம வீடு பார்க்க வர்றாங்க. இன்னும் நாப்பது நாள்ல. அவங்களுக்கு பிலிப்பினோ தவிர வேற பாஷை தெரியாது. அவங்க சரின்னாத்தான் லிகாயா சரிம்பா. வேண்டாம்னுட்டாங்கன்னா, நான் இப்பிடியே கப்பல்லயே கெடந்துக்கறேன். வேற பொண்ணுப் பேச்சு எடுக்காதீங்க."

போன் வைத்ததும் வேலாத்தாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஏழு வருசமாக எந்த விசேசத்துக்குப் போனாலும், பந்தியில் உட்காருவதற்குள் நாலு பேர் "பையனுக்கு இன்னும் அமையலீங்களா?" என்று கேட்டுவிடுவார்கள். கேட்டுக் கேட்டு, அவள் விசேசத்துக்குப் போவதையே விட்டிருந்தாள். இப்போது ஒன்று அமைந்திருக்கிறது. அது தன் வாயால் கெட்டுப்போகக் கூடாது என்று குட்டைக்குள் முங்கி வேண்டிக்கொண்டாள்.

"ஏனுங்க, நாம ரெண்டு பேரும் பிலிப்பினோ படிக்கறோம்," என்றாள் புருசனிடம்.

"இந்த வயசுலயா?" என்றார் சென்னியப்பன். கேட்டுவிட்டு மறுபடி சேற்றில் சாய்ந்துகொண்டார்.

கடல் கடலாகப் பறந்து திரிந்த ஓர் ஆலாப் பறவை அப்போது 'பேசிப் பழகலாம் பிலிப்பினோ' என்று வீடியோ போட்டுக்கொண்டிருந்தது. மொத்தம் நாற்பது வீடியோ. 'வணக்கம் செல்லங்களே, பயப்படாதீங்க, ஈஸிதான்' என்றுதான் ஒவ்வொன்றும் ஆரம்பிக்கும். ஈஸி என்று சொல்கிறவர்களுக்கு என்ன, அவர்களுக்கு நாக்கு சின்னது. வேலாத்தா நாக்கால்தான் போனைத் தொடவேண்டும். ஒரு தடவை தொட்டால் பத்து விநாடி பின்னால் போகும், இன்னொரு தடவை தொட்டால் ஆமணக்கு எண்ணெய் விளம்பரம் வரும். அவள் அசரவில்லை. முழுப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி தேக்கிலையில் குறிப்பு எடுத்தாள். முக்கியமான வாக்கியங்களுக்குக் கீழே கொம்பால் கோடு கிழித்தாள். குட்டைத் தவளைகளை வரிசையாக உட்காரவைத்து, "குமுஸ்தா போ கயோ?" என்று நலம் விசாரித்தாள். அவை பதில் சொல்லாதபோது திட்டினாள்.

அந்த பாஷையில் இல்லை என்பதற்கு 'ஹிந்தி' என்று சொல்வார்களாம். மூன்றாவது வீடியோவில் அதைக் கேட்டதும், வேலாத்தாவுக்கு அந்த ஊர் மேல் தனியாக ஒரு பாசமே வந்துவிட்டது.

சென்னியப்பன் முதல் வீடியோவில் பாதி பார்த்தார். மரியாதைக்கு எல்லா வார்த்தைக்கும் பின்னால் ஒரு 'போ' ஒட்டிக்கொள்ளவேண்டும் என்று ஆலா சொன்னது.

"நம்மூரு 'ங்க' மாதிரிதான். மரியாதை தெரிஞ்ச சனங்க," என்றார். அதற்கப்புறம் மூன்று வார்த்தை கற்றுக்கொண்டார். 'ஓப்போ' என்றால் ஆமாங்க. 'சலாமத் போ' என்றால் நன்றிங்க. 'மசராப் போ' என்றால் ருசியா இருக்குதுங்க. "ஒரு மனுசனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். மீதி முப்பத்தொன்பது வீடியோவும் அவர் குறட்டைக்கு நடுவில்தான் ஓடின.

இந்த இடத்தில் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உழைத்துப் படித்த வேலாத்தா ஜெயிப்பாள், தூங்கிய சென்னியப்பன் தலை குனிவார், எல்லோரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று. அந்த மாதிரிக் கதை வேண்டுமானால் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் நிறைய இருக்கிறது.

நாற்பதாம் நாள் சம்பந்தியம்மாள் வந்து சேர்ந்தார். பெயர் மிலாக்ரோஸ். கொம்பு இரண்டும் இரண்டு பக்கமும் அரிவாள் மாதிரி விரிந்திருந்தன. காட்டு வாசலில் காலையிலிருந்து வரிசையில் நின்ற களைப்பு முகத்தில் தெரிந்தது. அங்கே படிவம் கொடுக்கிற மந்தி மூன்று பிரதி கேட்டதாம். அம்மாளுக்குப் பசி. முதல் இரண்டு பிரதியைத் தின்றுவிட்டார். மந்தி மறுபடி வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிட்டது.

வேலாத்தா வாசலுக்கே ஓடிப்போய், "துலோய் போ கயோ," என்று உள்ளே அழைத்தாள். "குமாயின் ந போ பா கயோ?" என்று, சாப்பிட்டாச்சா என்றும் கேட்டாள். உச்சரிப்பு அச்சு அசல். அம்மாளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இத்தனை தூரம் கடல் தாண்டி வந்து, இறங்கிய இடத்தில் தன் பாஷையைக் கேட்டால் யாருக்குத்தான் கலங்காது?

அந்தச் சந்தோசத்தில் அம்மாள் வேலாத்தாவை மேலும் கீழும் பார்த்து, "போட்டோவில் பார்த்ததற்கு இப்போது நன்றாகக் குண்டாகிவிட்டீர்கள்," என்று தன் பாஷையில் சொன்னார்.

அந்த ஊரில் பாசமாக விசாரிப்பது அப்படித்தான். நாம் "ஏன் இப்பிடி எளைச்சுட்டீங்க?" என்று கேட்டுவிட்டு இன்னொரு தோசை போடுவதில்லையா, அந்த மாதிரி. ஆனால் நாற்பது வீடியோவில் எதிலும் ஆலா இதைச் சொல்லித் தரவில்லை. 'குண்டு' என்ற வார்த்தையை மட்டும் இருபத்திரண்டாம் வீடியோவில் சொல்லித் தந்திருந்தது. வேலாத்தா அதை மறப்பாளா? கோடு கிழித்து வைத்திருந்தவள் ஆயிற்றே.

"உங்க வயித்துக்கு முன்னால எனக்கு இருக்கறது ஒண்ணுமே இல்லீங்க," என்று சுத்தமான பிலிப்பினோவில் பதில் சொன்னாள். மரியாதை குறையக் கூடாது என்று நடுவில் ஒரு 'போ' வேறு போட்டாள்.

அம்மாள் முகம் மாறியது. குட்டையைப் பார்த்து, "சேறு ரொம்பத் தண்ணியாக இருக்கிறது. எங்கள் ஊர்ச் சேற்றில் கால் வைத்தால் வெண்ணெய்," என்றார்.

"அப்ப அங்கேயே படுத்திருக்கலாமே. யாரு வரச் சொன்னாங்க?" என்றாள் வேலாத்தா. இதுவும் பிழையில்லாத வாக்கியம். ஆலா கேட்டிருந்தால் பெருமைப்பட்டிருக்கும்.

"உங்கள் பையனுக்கு ஒரு கொம்பு கோணல்."

"உங்க பொண்ணுக்குக் கொம்பு நேரா இருந்தா, கப்பல்ல வந்தவன் கழுத்துல எதுக்குங்க மாட்டுது?"

அவ்வளவுதான். அம்மாள் தன் துணிப்பையைக் கொம்பில் மாட்டிக்கொண்டு, இந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு ஆற்றுப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.

வேலாத்தாவுக்கு அப்போதுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க, நான் கெடுத்துப்போட்டனுங்க. பையன் வாழ்க்கையை என்ற வாயாலயே கெடுத்துப்போட்டேன். ஓடிப் போய் அந்தம்மாவை நிறுத்துங்க."

"எனக்கு ஒண்ணுமே பேசத் தெரியாதே அம்மிணி."

"தெரிஞ்சவ கிழிச்சது போதும். போங்க."

சென்னியப்பன் போனார். அம்மாள் ஆற்றோரம் மருத மரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மாள் ஆரம்பித்தார். வேலாத்தாவின் வாயைப் பற்றி, வரிசையைப் பற்றி, மந்தியைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி. ஒவ்வொன்றுக்கும் சென்னியப்பன் நிதானமாக அசை போட்டுவிட்டு, "ஓப்போ," என்றார். அம்மாளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் வீட்டில் எல்லோருக்கும் பிலிப்பினோ தெரியும். அதனால் அவரை யாரும் ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டதில்லை.

பிறகு செத்துப்போன தன் புருசனைப் பற்றிச் சொன்னார். அவர் சேற்றில் இறங்கினால் வயலே சிரிக்கும் என்றார். சென்னியப்பனுக்கு இது ஏதோ உருக்கமான விசயம் என்று மட்டும் பிடிபட்டது. ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காதே என்று, "மசராப் போ," என்றார்.

அம்மாள் அழுதுவிட்டார். "ஆமாம், பழகுவதற்கு அத்தனை இனிமையானவர். அவரைப் பற்றி இருபது வருசத்தில் யாரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை," என்றார்.

"சலாமத் போ," என்றார் சென்னியப்பன்.

வேலாத்தா பின்னாலேயே வந்து மூங்கில் புதருக்குள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அதுதான் அவள் தலையெழுத்து.

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விசயத்துக்கு வந்தார். "எங்கள் பக்கத்தில் ஒரு பழைய வழக்கம். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்கி வேலை செய்யவேண்டும். மற்றவர்கள் ஒரு போகத்தோடு விட்டுவிடுவார்கள். எனக்கு ஆண் பிள்ளை இல்லை. உங்கள் பையன் ஏழு போகம் உழட்டும்."

"ஓப்போ."

"அதற்கப்புறமும் எங்கள் வீட்டோடு இருந்துவிடட்டும்."

"ஓப்போ."

"இங்கே வருசத்துக்கு ஒரு முறை வந்து எட்டிப் பார்த்தால் போதும்."

"மசராப் போ," என்றார் சென்னியப்பன் தாராளமாக.

வீட்டோட மாப்பிள்ளை. ஒற்றைப் பிள்ளையை இந்த மனுசன் அசை போட்டுக்கொண்டே தாரை வார்த்துவிட்டார். பொறுக்கமுடியாமல் வேலாத்தா புதரை விட்டு வெளியே வந்தாள். அம்மாள் அவளைப் பார்த்து, முகத்தை இறுக்கிக்கொண்டு, "உங்களுக்கு இதில் சம்மதமா?" என்று கேட்டார்.

முடியாது என்று சொல்ல வேலாத்தாவுக்கு அந்த பாஷையில் நாலு விதம் தெரியும். நாலும் வாய்க்குள் வந்து நின்றன. கப்பலில் தனியாகக் கிடக்கிற பையனை நினைத்தாள். அங்கே போனால் அவன் தன்னோடு இருக்கமாட்டான், ஆனால் தனியாகவும் இருக்கமாட்டான். நாலையும் விழுங்கினாள். ஒன்றும் விளங்காதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "ஓப்போ," என்றாள்.

அம்மாள் சந்தேகமாகப் பார்த்தார். "ஏழு போகம் என்றேனே, புரிந்ததா?"

"குமுஸ்தா போ கயோ," என்றாள் வேலாத்தா. கூடவே தவளைகளிடம் சிரிக்கிற சிரிப்பு ஒன்றும் சிரித்தாள்.

அம்மாளுக்கு எல்லாம் தெளிந்துவிட்டது. "ஐயோ பாவம், இவள் பாட்டுக்கு வாக்கியங்களை நெட்டுரு போட்டிருக்கிறாள். அர்த்தம் தெரியாமல்தான் அத்தனையும் பேசியிருக்கிறாள். நான்தான் தப்பாக எடுத்துக்கொண்டேன்," என்று எழுந்து வந்து வேலாத்தாவின் கழுத்தில் கழுத்தை வைத்து உரசினார். கல்யாணம் முடிவானது. இரண்டு நாள் இருந்து பருத்திக்கொட்டையெல்லாம் தின்றுவிட்டு, சேறு தண்ணியாக இருக்கிறது என்று இன்னும் பதினாறு தடவை சொல்லிவிட்டு அம்மாள் கப்பலேறினார். பதினாறு தடவையும் வேலாத்தா நன்றி சொன்னாள்.

அடுத்த மாதம் கார்மேகம் வயலில் இருந்து போன் செய்தான்.

"அப்பா, ஏழு போகம்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களாமே?"

"எனக்கு அந்த பாஷை தெரியாதே சாமி," என்றார் சென்னியப்பன். இதில் பொய் ஒன்றும் இல்லை.

"அம்மா, நீங்களும் பக்கத்துலதான் இருந்தீங்களாம். உங்களுக்குமா தெரியாது?"

வேலாத்தா தான் குறிப்பு எடுத்த தேக்கிலைக் கட்டை மென்றுகொண்டிருந்தாள்.

"எனக்கும் தெரியாது கண்ணு," என்றாள்.

"போகட்டும் விடுங்க," என்றான் பையன். பின்னால் லிகாயா சிரிக்கிற சத்தம் கேட்டது. "நல்லாத்தான் இருக்குதும்மா. சேறு மட்டும் சொல்லவே வேண்டாம், நம்மூர்ல இப்பிடி ஒரு சேறு நான் பார்த்ததே இல்லை."

நீதி: சம்பந்தம் கூடிவர வேண்டுமானால் எந்த மொழியிலும் முதல் பாடத்தில் பாதியோடு தூங்கிவிட வேண்டும். தெரியாத்தனமாக நாற்பதையும் படித்து முடித்தவர்கள், ஒன்றும் தெரியாதவர்களாக ஆவதற்குத் தாங்களே சொந்தமாகப் பயிற்சி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு இதுவரை யாரும் வீடியோ போடவில்லை.