கரண்டை நிறுத்தச் சொல்ல வந்தவர்

முன்னறையில் நாற்காலி தரதரவென்று இழுபடும் சத்தம் கேட்டதும், சமையலறையில் நின்றவள் அடுப்பை அணைத்தாள். வந்துவிட்டார், நலம் விசாரிப்பவர்! இந்த இனம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மற்ற நாளில் இருக்கிற இடம் தெரியாத இந்தப் பிராணி, யாருக்காவது பெரிய வியாதி என்று காதில் விழுந்ததும் புத்துயிர் பெற்று, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, நோயாளியின் மூக்குக்கு நேராக உட்கார்ந்து, முதலில் உச்சுக்கொட்டி, பிறகு பெருமூச்சு விட்டு, கடைசியில் வைத்தியம் சொல்லும். படித்ததில்லைதான். அதற்காகச் சும்மா இருக்க முடியுமா?

இன்று வந்திருப்பவர் அவள் கணவனின் சித்தப்பா. உறவு வட்டாரத்தில் ‘அக்கறைச் சித்தப்பா’ என்றால்தான் தெரியும்.

கணவன் பஸ் கண்டக்டர். படியில் தொங்குகிறவர்களை ஒரே அதட்டலில் உள்ளே ஏற்றிய குரல்! இன்று அந்தத் தொண்டையில் புற்றுநோய். தினமும் கரண்டு என்கிற கதிர்வீச்சு, வாரம் ஒருமுறை கீமோ, இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. எச்சில் விழுங்கினாலே கண்ணில் நீர் முட்டும். சாப்பாடு மூக்குக் குழாய் வழியாக. சிகிச்சை முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஆனால் இன்று காலையிலிருந்து ‘ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை’ என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அழுது கெஞ்சி இப்போதுதான் சட்டை போட வைத்திருந்தாள். வாசலில் ஆட்டோ காத்திருந்தது.

“ஐயையோ, கழுத்தெல்லாம் கருகிப் போச்சேடா! கீமோன்னா கீமோ குடுக்கணும், கரண்டுன்னா கரண்டு வைக்கணும். ரெண்டையும் ஒண்ணா ஏத்தினா மனுஷ உடம்பு தாங்குமா? ஒரு மாசம் நிறுத்துடா. நான் ஒரு கஷாயம் சொல்றேன்.”

கணவன் மெல்லச் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான்.

சமையலறை வாசலிலிருந்து அவள் பார்த்துவிட்டாள். ஓடி வந்தாள். “மாமா, அந்த மருந்து கட்டியை எளக்கிவிடுமாம், அப்பத்தான் கரண்டு நல்லா வேலை செய்யுமாம். நடுவுல விட்டா கட்டி திரும்ப வளந்துரும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க.”

“டாக்டருங்களை எனக்குத் தெரியாதாம்மா? போன மாசம் நாக்கு ஓரத்துல சின்னப் புண்ணு. மறுநாளே பெரிய டாக்டர் முன்னால போய் நின்னுட்டேன். ஸ்கேன் என்ன, சதையைக் கிள்ளி டெஸ்ட் என்ன, ஒண்ணு விடல! கடைசில பாத்தா, பல்லு குத்தின புண்ணாம்.”

“ஏன் மாமா, நீங்க கஷாயம் குடிக்கலையா?”

சித்தப்பா சட்டையின் இஸ்திரி மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார்.

கண்டக்டரின் தோள்கள் குலுங்கின. அழுகிறானோ என்று பதறிப்போய்க் குனிந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தான்! தொண்டை ரணமாய் வலிக்க, கண்ணீர் வழிய வழியச் சிரித்தான். கழற்றிய பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டு, வாசல் பக்கம் கையை நீட்டினான். காற்றாய் ஒரு குரல் வந்தது.

“எறங்குங்க.”

“உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்” என்று முனகிக்கொண்டே செருப்பைத் தேடினார் அக்கறைச் சித்தப்பா. ஆஸ்பத்திரிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப அவளுக்கு இன்னும் சற்று நேரம் வேண்டும். அந்த நேரம் அவர் இல்லாமல் வேண்டும்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். கடைசியாக நீங்கள் ஒரு நோயாளியை விசாரித்துவிட்டு வெளியே வந்தபோது, உங்கள் முதுகுக்குப் பின்னால் கதவு எவ்வளவு சீக்கிரம் சாத்தப்பட்டது என்று மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்த வீட்டில், சித்தப்பா இரண்டாவது செருப்பை மாட்டுவதற்குள் சாத்திவிட்டார்கள்.