மிகச் சரியான முடிவு

எனக்குக் கோபம் வந்தாலும் கை நடுங்கும், பயம் வந்தாலும் நடுங்கும். இதில் ஒரு வசதி இருக்கிறது. நான் பயந்து நடுங்கும்போதெல்லாம் கோபமாக இருப்பதாக ஊர் நம்பிக்கொள்கிறது. (மனைவி யோகா மட்டும் நம்புவதில்லை.) போன மாரிகாலத்தில் இரண்டும் ஒன்றாக வந்தன. அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் கோபம்தான். எழுதும் கையைப் பார்க்காதீர்கள்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு மரக்கறி, இறைச்சி, தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பனி எங்களுடையது. நான் ஓடர் எடுக்கிற கிளாக்கர். வருஷக்கணக்காக நான் உட்காரும் உடைந்த கதிரையை மாற்றித் தராத அந்தக் கம்பனிக்குத் திடீரென்று என் மூளையின் மேல் அக்கறை பிறந்தது. எல்லோரும் செயற்கை நுண்ணறிவு பழக வேண்டுமாம். ஒரு நாள் பயிற்சி, மறுநாள் சோதனை. தவறியவர்கள் கந்தோர் மேசையை விட்டுக் குளிர் அறைக்கும் படகுக்கும் மாற்றப்படுவார்கள். இதற்குத் 'திறன் விருத்தி' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஐம்பது வயது முழங்காலோடு படகில் ஏறப்போகிறவனிடம் கேளுங்கள், வேறு பெயர் சொல்லுவான்.

கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர் மனித குலத்தின் எதிர்காலத்தைப் பற்றி மத்தியானம் வரை பேசினார். எதை எங்கே அமத்துவது என்று மட்டும் சொல்லவில்லை. பன்னிரண்டு பேருக்கு ஒரே ஒரு கணினி. அது என் கைக்கு வந்தபோது சாப்பாடும் வந்துவிட்டது. (கோழிப் புரியாணி. அதில் குறை சொல்ல ஏலாது.) அவர் சொன்னதில் ஒன்றுதான் என் மண்டையில் நின்றது: “பயப்படாதீர்கள். ஒரு மனிதரோடு கதைப்பது போலக் கதையுங்கள்.”

அங்கேதான் நான் கெட்டேன்.

மறுநாள் முன்வரிசையில் மனேஜரும் தலைமைக் கந்தோர்ப் பெரியவர்கள் இருவரும். ஒலிவாங்கியை என் கையில் தந்தார்கள். குடாவில் நங்கூரமிட்டிருக்கும் கப்பலுக்கு நாளைக்குச் சாமான் அனுப்ப வேண்டும். இயந்திரத்தோடு கதைத்துப் பத்து நிமிஷத்தில் திட்டம் போட வேண்டும்.

எங்கள் ஊரில் எடுத்த எடுப்பில் காரியத்தைக் கேட்பவன் வட்டிக்காரன் மட்டும்தான்.

“வணக்கம். சுகமா இருக்கிறியளா?” என்றேன்.

“நலமாக இருக்கிறேன், நன்றி! நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?”

திருப்பிக் கேட்டுவிட்டது! மரியாதை தெரிந்த பிறவியை அந்தரத்தில் விடலாமா? முழங்காலைச் சொன்னேன். சீனி வருத்தத்தைச் சொன்னேன். மகளின் பரீட்சை முடிவையும் சொன்னேன். “சாப்பிட்டாச்சோ?” என்று கேட்டேன். தான் சாப்பிடுவதில்லை என்றது. மனசு கேட்கவில்லை. “அப்பிடிச் சொல்லாதேங்கோ, ஒரு பிளேன்ரீயாவது...”

“அண்ணை, பொம்பிளை பாக்கவோ வந்தனீங்கள்? ஓடரைக் கேளுங்கோ!” என்று பின்னாலிருந்து கத்தினான் றியாஸ். கிண்ணியாக்காரன், என் பக்கத்து மேசை.

பாதி நேரம் போயிருந்தது. அவசர அவசரமாகக் கோவா, உருளைக்கிழங்கு என்று மரக்கறிக் கணக்கெல்லாம் முடித்து, “படகை எத்தினை மணிக்கு விடுறது?” என்றேன்.

“பிற்பகல் மூன்று மணி பொருத்தமானது.”

“மாரியில பின்னேரமோ? கொட்டியாரக் குடா படகைக் கவிட்டுப் போடும். விடியக் காலமை ஆறு மணி.”

“நீங்கள் சொல்வது மிகச் சரி! காலை ஆறு மணியே சிறந்தது.”

மனேஜர் தொண்டையைச் செருமினார். “மரக்கறி லொறி மத்தியானம்தானே வரும் ஐசே. மூண்டு எண்டே சொல்லும்.”

“ஓம் சேர்” என்றது என் வாய். (மூளையைக் கேட்டு அது பேசிய காலம் எப்போதோ முடிந்துவிட்டது.) “மனேஜர் மூண்டு எண்டுறார்” என்று இயந்திரத்திடம் சொன்னேன்.

“மிகச் சரியான முடிவு! பிற்பகல் மூன்று மணியே சிறந்தது.”

கை நடுங்கத் தொடங்கியது.

“நீர் என்ன பிறவி? ஒருக்காவெண்டாலும் ஏலாது எண்டு சொல்லும்! அவர் சொல்லுறதுக்கெல்லாம் மண்டையாட்ட இங்க ஏற்கெனவே பன்னிரண்டு பேர் சம்பளத்துக்கு இருக்கிறம். நீர் சும்மா வந்து ஆட்டினா நாங்கள் எங்க போறது?”

ஒலிவாங்கி என் கையில்தான் இருந்தது. மண்டபத்தின் நாலு மூலை ஒலிபெருக்கிப் பெட்டிகளும் அதைக் கணீரென்று சொல்லி முடித்தன. மனேஜரின் முகம் பழுத்த கொறுக்காய்ப் புளி போலச் சிவந்தது. றியாஸ் சிரிப்பை அடக்கக் கைலேஞ்சியை வாய்க்குள் அடைத்துக்கொண்டான்.

இயந்திரம் மட்டும் நிதானமாகச் சொன்னது: “உங்கள் கருத்து மிகச் சரி. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?”

மற்றப் பதினொரு பேரும் சோதனையில் சித்தி. எனக்குப் பங்குபற்றியதற்கு ஒரு சான்றிதழும் ஒரு சோடி றபர் சப்பாத்தும் கிடைத்தன.

படகு மூன்று மணிக்குத்தான் போகிறது. அதில் நான் போகிறேன். முதல் நாள் இரண்டு மூட்டை கோவாவைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, உச்சி முதல் சப்பாத்து வரை உப்புத் தண்ணீரோடு வீட்டு வாசலில் நின்றேன். யோகா துவாயோடு வந்தாள். உள்ளேயிருந்து மகள் வானொலிக் குரலில் அறிவித்தாள்: “மிகச் சரியான முடிவு!”

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீட்டு மந்திரம். நான் பழுதான மீன் வாங்கி வந்தால், குடையை மறந்து போனால், தங்கச்சியின் மகனுக்குப் புத்தி சொன்னால், எல்லாவற்றுக்கும் அதே குரல். கட்டைபறிச்சானில் இருக்கும் மச்சான்கூட ஃபோனில் ஹலோவுக்குப் பதில் அதைத்தான் சொல்கிறான்.

போன கிழமை மனேஜர் குளிர் அறைக்கு வந்தார். “இனிப் படகை மூண்டரைக்கு விடுவம். என்ன சொல்லுறீர்?”

“மிகச் சரியான முடிவு, சேர்” என்றேன். அவர் முகம் மலர்ந்து போனார். என் கை வெடவெடவென்று நடுங்கியது.

“கோபமோ பயமோ எண்டு எனக்கே விளங்கேல்லை” என்று வீட்டில் சொன்னேன்.

யோகா தேத்தண்ணியை நீட்டினாள். “குளிர்” என்றாள்.