சுவரில் தூங்கிய நாய்

"வண்டி நிறுத்தாதீங்கன்னு எழுதச் சொன்னா, நிறுத்த வெச்சிட்டியேம்மா!" என்று சர்வேயர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்றும் சர்வேயர் என்ற பெயர் அவரை விடவில்லை. வாசலை மறித்து வண்டிகள் நிற்கின்றனவே என்று, பதினைந்து வருடமாக அவரே வெள்ளையடித்துவரும், பக்கத்து வீட்டை ஒட்டிய வாசலோரச் சுவரில் எச்சரிக்கை எழுத பெயிண்டரம்மாவைக் கூப்பிட்டிருந்தார். அவள் எழுத்தை முடித்துவிட்டு, மிச்சப் பெயிண்டில் கீழே ஒரு தெருநாய் தூங்குவதாக வரைந்துவிட்டாள். அடடா, என்ன கை அது! நாயின் வயிறு ஏறி இறங்குவது போலவே இருந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் வண்டியை அங்கேயே நிறுத்தி வாய் பிளந்தார்கள்.

சர்வேயர் படத்தின்மேல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டார். தூக்கிப் பார்க்கக் கூட்டம் இரண்டு மடங்கானது.

"நைட் டியூட்டி முடிச்சிட்டு வந்த மனுஷி தூங்க வேணாமா?" என்று பக்கத்து வீட்டு நர்ஸம்மா ஜன்னலிலிருந்து கத்தினாள்.

போர்வையை எடுத்த சர்வேயர் நாயைப் பார்த்தபடி அங்கேயே நின்றுவிட்டார். அவரும்தான் தினமும் காபி டம்ளரோடு வந்து அந்த நாயைத் திருட்டுத்தனமாக ரசித்துக்கொண்டிருந்தார்.

இந்த லட்சணத்தில் அச்சகக்காரர் வேறு வந்து சேர்ந்தார். "சார், இதை எங்க காலண்டர்ல போடறோம். கீழே யார் பேரு போடட்டும்?"

"என் பேரு" என்றார் சர்வேயர்.

"என் பேருங்க" என்றாள் பெயிண்டரம்மா. இருபது வருடமாக ஊரார் பெயரையெல்லாம் பலகையில் எழுதியவள். அவள் பெயர் எங்கேயும் அச்சில் வந்ததில்லை.

"சுவர் என்னுது, பெயிண்ட் நான் வாங்கினது. இதுல உன்னுது என்னம்மா இருக்கு?"

"நாய் இருக்கே சார்."

"அப்போ நாயை மட்டும் எடுத்துட்டுப் போ, பாக்கலாம்!"

அவள் முகம் சுருங்கிப்போனது. சர்வேயருக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் காலண்டரில் பெயர் என்றால் சும்மாவா?

"அப்புறம் பேச்சு மாறக்கூடாது, எழுதிக் குடுத்துடுங்க" என்றார் அச்சகக்காரர்.

சர்வேயர் உட்கார்ந்து மணிமணியாக எழுதினார்: 'இந்தச் சுவர் யாருக்குச் சொந்தமோ, படமும் அவருக்கே சொந்தம். யார் பெயரைப் போடுவது என்பதும் அவர் இஷ்டம்.' முதல் கையெழுத்தை அவரே போட்டார். பெயிண்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது கையெழுத்தைப் போட்டாள்.

சாட்சிக்கு நர்ஸம்மாவைக் கூப்பிட்டார்கள். தூக்கக் கலக்கத்தோடு வந்தவள் காகிதத்தைப் படித்தாள். நாயைப் பார்த்தாள். "அம்மாடி, உசுரோட படுத்திருக்கிற மாதிரியே இருக்கே!" என்று கன்னத்தில் கை வைத்தாள். பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் எப்படி சார் சாட்சி போடறது? பொதுச் சுவருக்கு உங்க எடத்துல அரை அடிகூட விடமாட்டேன்னு, நீங்களே டேப் பிடிச்சு அளந்து மொத்தச் சுவரையும் என் எடத்துலதானே கட்ட வெச்சீங்க? தம்பி, காலண்டர்ல வரைஞ்ச பொண்ணு பேரையே போட்டுடுங்க!"