ரிஜெக்ட் அண்ணன் தாங்கிப் பிடித்த லேப்டாப்

ரிஜெக்ட் அண்ணனிடம் பாஸ் ஆன பொருள் என்று இந்த உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. மின்சார ரயில், மெஸ் இட்லி, கல்யாண மண்டபத்து நாற்காலி என்று எதுவானாலும் தட்டிப் பார்ப்பார், கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்கிவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு ஏரியைக் காட்டக் கூட்டிப்போனோம். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஆழம் ஒரே சீரா இல்லபா" என்றார். ஏரி என்ன பதில் சொல்லும், பாவம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி கம்பெனியில் நான் டிரெய்னியாக இருந்த காலம் அது. லேப்டாப் என்பது அதிகாரிகள் தோளில் மட்டும் தொங்கியது போய், எங்களைப் போன்றவர்களும் கனவு காணத் தொடங்கியிருந்த வருடங்கள். அண்ணன் அதே கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். சின்னச் சுத்தியலால் கம்பியை ஒரு தட்டு தட்டுவார், காதைச் சாய்ப்பார். பிடிக்கவில்லை என்றால் சட்டைப்பையிலிருந்து சிவப்பு சாக்பீஸை எடுத்து ஒரு பெருக்கல் குறி. அந்த சாக்பீஸை கம்பெனியிலேயே வைத்துவிட்டு வரும் பழக்கம் அவருக்கு இல்லை. பஸ் ஸ்டாண்டு பெஞ்சு, மெஸ்ஸின் தண்ணீர் டிரம், எங்கள் வீட்டு வாசல் கேட் என்று ஊரெங்கும் சிவப்புக் குறிகள் இருந்தன. அவர் குறி போட்ட பெஞ்சு இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது.

செவ்வாப்பேட்டையில் அவருக்குப் பெண் பார்க்கப் போனார்கள். உட்காரச் சொன்ன நாற்காலி லேசாக ஆடியிருக்கிறது. அண்ணன் எழுந்து, பெண்ணின் அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் குறி போட்டுவிட்டார். பஜ்ஜி வருவதற்குள் சம்பந்தம் முறிந்துவிட்டது. திரும்பி வந்து எங்களிடம், "அவுங்க பண்ணது கரீட்டுபா. அவுங்க எடத்துல நான் இருந்தாலும் என்னிய ரிஜெக்ட்தான் பண்ணிருப்பேன்" என்றார், தொழில்முறைத் திருப்தியோடு.

நாங்கள் இருந்த வீட்டில் கீழே அண்ணனையும் என்னையும் சேர்த்து நாலு பேர், மாடியில் நாலு பேர். கொல்லைப்புறத்தில் ஒரே ஒரு பாத்ரூம். கம்பெனி பஸ் ஆறே காலுக்கு. அதனால் தினமும் விடிவதற்குள் ஒரு யுத்தம். வீட்டுக்காரர் பழவேற்காட்டுக்காரர், பஜாரில் துணிக்கடை வைத்திருந்த பாய். தூக்கம் கெட்ட எரிச்சலில் ஒருநாள் பக்கத்து வீட்டிலிருந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"தெனம் இதே பேஜாரா போச்சுப்பா. எதுனா போட்டி வச்சுக்கோங்க. ஜெயிக்கிறவங்களுக்கு ஆறு மாசத்துக்கு பாத்ரூம் ஃபர்ஸ்ட்டு. நானே அம்பயரு."

இரண்டு தரப்புக்கும் பொதுவாகத் தெரிந்த ஒரே வித்தை கம்ப்யூட்டர் கார் ரேஸ். மாடி டீமுக்கு சேகர் என்பவன் தலைவன். அவனுடைய கம்ப்யூட்டர் புத்தம் புதியது. எங்களுடையது யாரோ கம்பெனியில் கழித்துக்கட்டியது. ஒவ்வொரு வளைவிலும் படம் அப்படியே உறைந்து நின்றுவிடும். மீண்டும் அசையும்போது என் கார் மரத்தின் மேல் இருக்கும். நாங்கள் தோற்றோம். கீழ்வீட்டில் நான் கடைசியாகச் சேர்ந்தவன் என்பதால் குளியல் வரிசையிலும் கடைசி. சோப்பு நுரையோடு நின்று கம்பெனி பஸ்ஸின் ஹாரனைக் கேட்டிருக்கிறேன். சூப்பர்வைசர் கூப்பிட்டு, இன்னொரு தடவை பஸ்ஸை விட்டால் வேலை நிரந்தரமாகாது என்று சொல்லிவிட்டார். ஆர்.கே.பேட்டைப் பக்கத்து எங்கள் ஊரிலோ, மகன் பர்மனென்ட் ஆகிவிட்டான் என்று அப்பா ஏற்கெனவே எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தார்.

ஆக, என் வேலை பாத்ரூமில் தொங்கியது, பாத்ரூம் கார் ரேஸில் தொங்கியது. அடுத்த போட்டிக்குள் கேம் ஆட நல்ல லேப்டாப் ஒன்று வாங்கிவிடுவது என்று கீழ்வீடு ஒருமனதாக முடிவு செய்தது. நாங்கள் செய்த ஒரே தவறு, வாங்கப் போன எனக்குத் துணையாக ரிஜெக்ட் அண்ணனை அனுப்பியது. குவாலிட்டி தெரிந்தவர் ஆயிற்றே என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

சென்னையில் கடை. கடைக்காரர் கறுப்பாக ஒன்றை எடுத்து வைத்தார். தனி கிராபிக்ஸ் கார்டு, இந்த விலைக்கு இந்த வேகம் எங்கேயும் கிடைக்காது என்று சொல்லி, ஒரு கார் ரேஸை ஓடவும் விட்டார். கார்கள் பறந்தன. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அண்ணன் திரையைப் பார்க்கவே இல்லை. பின்பக்கம் போய், மூடியின் மூலையை இரண்டு விரலால் பிடித்து முறுக்கினார். கிர்ர் என்றது.

"இன்னாபா இது, அப்பளமா?"

"சார், சார்! மெதுவா சார்!"

"மூடி வளையுது. கீல் ஆடுது. நடுவுல அமுக்குனா கீபோர்டு குழி உழுது. ரிஜெக்ட்டு."

கடைக்காரர் அடுத்ததை எடுத்தார். உலோக மூடி, கெட்டியான கீல். அண்ணன் தட்டினார், அழுத்தினார், ஆட்டினார். அவர் முகத்தில் பாஸ் போடுகிற களை வந்து போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அதே ரேஸை இதில் போட்டால், கார்கள் எளாவூர் செக்போஸ்ட்டில் நிற்கும் லாரிகளைப் போல வரிசையாக நின்றுவிட்டன.

"அண்ணே, வண்டி நகரவே இல்லியேண்ணே."

"நகராட்டி இன்னா நைனா? மூடியப் பாரு, எப்டி ஸ்டெடியா நிக்குது! லாரி எவ்ளோ வேகமா போனாலும், கதவு ஆடுச்சுன்னா டிரைவர் ரோட்லதான் கெடப்பான்."

"கதவு மட்டும் ஸ்டெடியா இருந்தா, டிரைவர் செக்போஸ்ட்லயே கெடப்பான்ணே!"

வேகமும் உறுதியும் சேர்ந்து வேண்டுமென்றால் இதோ என்று கடைக்காரர் மூன்றாவதாக ஒன்றைக் காட்டி விலையைச் சொன்னார். "இது கரீட்டு. ஆனா எங்களாண்ட அவ்ளோ டப்பு இல்ல" என்றார் அண்ணன். பிறகு முதல் லேப்டாப்பைக் காட்டி, "இதே மாரி ஸ்டாக்கு எவ்ளோ கீது?" என்று கேட்டார்.

"அஞ்சாறு இருக்கும் சார்."

"அதுல ஒண்ணு குடு. ஒடச்சிப் பாக்கணும்."

கடைக்காரர் கறுப்பு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கம்பெனில அப்டித்தான். லாட்டுக்கு ஒரு பீஸு ஒடச்சிப் பாத்துட்டுத்தான் மிச்சத்த அனுப்புவோம்" என்று அண்ணன் பொறுமையாக விளக்கினார்.

"சார், நீங்க வாங்குறதே ஒண்ணுதான் சார்!"

கடைக்காரர் என்னைத் தனியாக அழைத்து, இவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். நான் அந்தக் கறுப்பு லேப்டாப்புக்கே பில் போடச் சொன்னேன். கும்மிடிப்பூண்டி வரைக்கும் ரயிலில் அண்ணன் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார். கூட்டம் இடித்தபோதெல்லாம், "பாத்துபா, ரிஜெக்ட் மாலு கீது" என்று எல்லோரையும் எச்சரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மூடியின் மேல் சிவப்புக் குறி விழுந்தது. அதோடு விட்டாரா? தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறப்பார், மூடுவார். மறுபடி திறப்பார், மூடுவார். கீல் எதுவரைக்கும் தாங்கும் என்று பார்க்கிறாராம்.

"அண்ணே, ஒடஞ்சுடும்ணே!"

"ஒடஞ்சா இன்னா அர்த்தம்? டெஸ்ட்டு கரீட்டுன்னு அர்த்தம்."

அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தோம். கண்டுபிடித்து எடுத்து, டெஸ்ட் செய்து, திரும்ப அரிசிக்குள்ளேயே புதைத்துவிட்டுப் போனார்.

போட்டி நாள் வந்தது. சேகர் தன் கம்ப்யூட்டரைக் கீழே கொண்டுவந்து ஒயர் மாட்டினான். பாய் நாற்காலியில் அமர்ந்தார். நான் விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் குனிந்து, "கடசியா ஒரே ஒரு தபா" என்று லேப்டாப்பை மூடித் திறந்தார்.

டிக்.

மூடி பின்பக்கமாகச் சாய்ந்து, ஒயரில் தொங்கியது. அறையில் எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

குடத்தின் மேல் சாய்த்து வைத்தோம். திரை இருண்டது. சுவரோடு நிறுத்தினோம். இருண்டது. உள்ளே எந்த ஒயர் எங்கே நசுங்கியதோ, ஒரே ஒரு கோணத்தில் பிடித்தால்தான் படம் வந்தது. அந்தக் கோணமும் அண்ணன் கைக்கு மட்டும்தான் கட்டுப்பட்டது. அவர் லேப்டாப்புக்குப் பின்னால் மண்டியிட்டு, மூடியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். "ஸ்டார்ட் பண்ணு பாய்" என்றார்.

என் கார் பாய்ந்தது. அந்த கிராபிக்ஸ் கார்டைப் பற்றிக் கடைக்காரர் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. சேகரும் நானும் சக்கரத்தோடு சக்கரம் உரசிக்கொண்டு போனோம். திரைக்கு மேலே அண்ணனின் கண்கள் மட்டும் தெரிந்தன. அவருக்கு ஆட்டம் தெரியாது, என் மூஞ்சி மட்டும்தான் தெரியும்.

"இன்னா நைனா, முன்னால கீறியா?"

அவர் பேசியதும் திரை நடுங்கியது, கார் வயலில் இறங்கியது.

"அண்ணே, பேசாதீங்கண்ணே!"

அதன்பின் மூச்சைக்கூட அளந்துதான் விட்டார். ஒரு கொசு வந்து அவர் மூக்கில் உட்கார்ந்தது. கண்கள் இரண்டும் மூக்கைப் பார்த்தன. கை அசையவில்லை. அம்பயர் என்பதை மறந்து பாய் எழுந்துவந்து துண்டால் கொசுவை விரட்டினார். சேகர் கத்தினான், "பாய், இது அநியாயம்!"

"கொசு ரெண்டு டீமுக்கும் பொதுப்பா, நீ ஓட்டு!" என்றார் பாய்.

கடைசி வளைவில் சேகர் அகலமாகத் திருப்பினான். நான் உள்பக்கமாகப் புகுந்தேன். ஒரு கார் நீள வித்தியாசத்தில் எல்லையைத் தாண்டினேன். கீழ்வீடே என்னைத் தூக்கிக்கொண்டு ஆடியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், அண்ணன் இன்னும் மூடியைப் பிடித்தபடியே இருந்தார்.

"முடிஞ்சிடுச்சா நைனா?"

"ஜெயிச்சிட்டோம்ணே! கீழ வைங்கண்ணே!"

மெதுவாகக் கீழே வைத்தார். கைகள் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. அவற்றை முன்னால் நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்துத் தன் முழங்கையில் ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டார்.

மறுநாள் முதல் ஆளாகக் குளித்தேன். குளிக்கும்போதுதான் உறைத்தது. இந்தப் பாத்ரூமில் அண்ணன் குளித்ததே இல்லை. தாழ்ப்பாள் சரியில்லை என்று வந்த முதல் வாரமே ரிஜெக்ட் செய்துவிட்டார். அவர் குளிப்பது கம்பெனியில். இந்தப் போட்டியால் அவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் லாபம் கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, அப்புறம் ஏன் அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தார் என்று கேட்டேன்.

"ஒடச்சது நான்தானே. அதுவும் இல்லாம, உனுக்கு வேல போய்டும்னு சொன்னியே."

"அப்ப நான் மட்டும் பாஸாண்ணே?" என்றேன்.

அண்ணன் கட்டைவிரலால் என் தோளை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். "பாக்கலாம். இன்னும் டெஸ்டிங்லதான் கீற."

அந்த வருடமே வேலை நிரந்தரமானது. அடுத்த வருடம் அண்ணன் வேறு ஊர்க் கம்பெனிக்குப் போய்விட்டார். இப்போது என் மேஜையில் இருக்கும் லேப்டாப்பில் வேகம், உறுதி இரண்டும் இருக்கின்றன. மூடி நிறுத்திய இடத்தில் நிற்கிறது. ஆனாலும் அதைத் திறக்கும்போதெல்லாம் மூடிக்கு மேலாக ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுகிறேன், அந்தப் பக்கம் இரண்டு கண்கள் தெரியாதா என்று.