தாராளமா எடுங்க

ஆபீஸ்களெல்லாம் வரிசையாக ஆட்டம் கண்ட வாரத்தில்தான் பழைய நாற்காலி வாங்கி விற்கும் நாற்காலிக்காரருக்குப் பத்து வருஷத் திட்டம் பிறந்தது. ஆபீஸ் மூடினால் நாற்காலி தெருவுக்கு வரும். நாற்காலி தெருவுக்கு வந்தால் இவர் மேலே வருவார். உலகம் அழுகிற நேரத்தில் இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அதற்குப் பக்கத்துக் கடை வேண்டும். காலியாகத்தான் கிடந்தது. ஆனால் அதன் சொந்தக்காரரைப் போன மாதம் ஒரு குழாய்த் தகராறில் இவர் வாய்க்கு வந்தபடி பேசியிருந்தார். "உங்க வீட்டம்மா வந்து கேட்டா சாவி தர்றேன். உங்க மூஞ்சிக்கு இல்ல" என்று அவர் சொல்லிவிட்டார்.

ஆக, மனைவி மசிய வேண்டும். அதற்கா வழியில்லை? ஒன்று வேண்டுமென்றால் மூன்று கேட்கணும். அவள் அடித்துப் பேசி ஒன்றுக்கு இறக்குவாள். இவர் மூக்கால் அழுதபடி சம்மதிப்பார். தெருவில் அடிபட்டுக் கற்ற பாடம்.

"இந்தா பாரு, நம்ம குறிக்கோளை எழுதியிருக்கேன்."

"கோள் சொல்றதைக் குறிச்சு வேற வைக்கணுமா?" தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள் மனைவி.

"பத்து வருஷத் திட்டம்மா. பக்கத்துக் கடை, அதுக்கடுத்த கடை, மேல மாடி. மூணையும் எடுக்கிறோம்."

"எடுங்க."

இவருக்குச் சந்தேகம் தட்டியது. முதல் பேச்சிலேயே சரி என்கிறவருக்கு நமக்குத் தெரியாத ஏதோ தெரிந்திருக்கும்.

"மூணும்மா. மூணு."

"காது நல்லாத்தான் கேக்குது. மூலையிலயும் ஒண்ணு காலியாம், சேர்த்து எழுதிக்குங்க."

"காலம் கெட்டுக் கெடக்கு. அவ்வளவுக்கு யாரு வருவா?"

"அதான் பத்து வருஷம் இருக்கே."

"மாடி வேண்டாம். பீரோவை எவன் ஏத்துறது?"

"சரி, வேண்டாம்."

"அடுத்த கடை ஒழுகும்."

"விட்டுருங்க."

"அப்ப, ஒண்ணே ஒண்ணு..."

"தாராளமா எடுங்க."

தாராளமா! காலொடிந்த நாற்காலியை யார் தலையிலாவது தள்ளிவிடும்போது மட்டும் இவர் வாயில் வருகிற வார்த்தை அது. பொறியை மோப்பம் பிடித்துவிட்ட குதூகலத்தில் நாற்காலிக்காரர் துள்ளி எழுந்தார்.

"எங்கிட்டயேவா? ஒரு கடையும் வேண்டாம். இருக்கிறதே போதும்."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நான் மாற மாட்டேன்."

அவள் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். மெஷின் பெட்டியைத் திறந்து ஒரு சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"பக்கத்துக் கடைச் சாவி. காலையிலேயே என் தையலுக்கு வாங்கிட்டேன். நீங்க கேட்டா எப்படி இல்லேங்கிறதுன்னுதான் முழிச்சிட்டிருந்தேன். புதுத்துணி வாங்க யோசிக்கிற காலம், பழசைப் பிடிச்சுத் தைக்க வரிசையில நிப்பாங்க. எங்கிட்டயும் பத்து வருஷத் திட்டம் இருக்குங்க."

நாற்காலிக்காரர் தன் திட்டத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "அதுல நான் எங்க வர்றேன்?"

அவள் அளவு நோட்டைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தாள்.

"மூணாவது வருஷம் ஆள் எடுப்போம். வந்து பாருங்க."