மைனஸ் ஒண்ணு டீச்சரும் கொடிக்கம்பமும்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் அந்த அம்மாள் சண்டை போடாத ஆள் ஒருத்தர் இருந்தால், அவர் அன்றைக்கு ஊரில் இல்லை என்று அர்த்தம்.

கூடுவாஞ்சேரியில் ஒரு தனியார் பள்ளியில் நான் தமிழ் வாத்தியார். அவர் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு. 'மைனஸ் ஒண்ணு டீச்சர்' என்றால் வாட்ச்மேன் முதல் தாளாளர் வரை தெரியும். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் மைனஸ் ஒண்ணு வர வேண்டும். ஒன்றின் சாய்வு இரண்டு என்றால் மற்றதற்கு மைனஸ் அரை. இதை அவர் சொல்லும் தொண்டைக்கு, பக்கத்து வகுப்பில் நான் நடத்திய செய்யுளெல்லாம் மைனஸ் ஒண்ணில்தான் முடிந்தது.

வகுப்போடு விட்டாலாவது பரவாயில்லை. ஒரு நாள் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ கோணலாக நின்றது. ஏற மாட்டேன் என்றுவிட்டார்.

"அண்ணாத்த, ஒண்ணு ரோட்டோட நில்லு, இல்ல ரோட்டுக்குச் செங்குத்தா நில்லு. நடுவுல இன்னா இது?"

"யம்மா, நீ சவாரி ஏற வந்தியா, பரீட்ச வெக்க வந்தியா? பேஜாரு பண்ணாத!"

டிரைவர் வண்டியைத் திருப்பி நிறுத்திய பிறகுதான் ஏறினார். உள்ளே நசுங்கிக்கொண்டிருந்த எங்களிடம் ஒரு 'சாரி'கூடக் கிடையாது.

முட்டுக்காட்டுக்கு ஸ்டாஃப் டூர் போனபோது, மிதிபடகில் என்னை அவரோடு உட்கார வைத்துவிட்டார்கள். "எதிர்க் கரைக்குச் செங்குத்தா போனாத்தான் சார் தூரம் கம்மி. நேரா மிதிங்க" என்றார். காற்று எங்களைப் பக்கவாட்டில் தள்ளியது. கொஞ்சம் வளைந்து போகலாமே என்றேன். முறைத்தார். மணல் திட்டில் போய்ச் சிக்கினோம்; படகுத்துறை ஆட்கள் கயிறு கட்டி எங்களை இழுத்து வந்தார்கள். வழியெல்லாம் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தவர், இறங்கியதும் சொன்னார்: "கோடு சரி சார். தண்ணிதான் தப்பு."

இப்படிப்பட்டவரிடம் போய் மோதியது ஒரு விடைக்குறிப்பு.

அது திருப்புதல் தேர்வு. வினாத்தாளும் விடைக்குறிப்பும் வெளியில் வாங்கியவை. ஒரு கேள்வி: (4, 5) என்ற புள்ளி வழியாக, x = 7 என்ற கோட்டுக்குச் செங்குத்தாகப் போகும் கோட்டின் சமன்பாடு என்ன? x = 7 என்பது நட்டுவைத்த மாதிரி நிற்கும் கோடு. அதற்குச் சாய்வு என்று ஒன்றைச் சொல்லவே முடியாது. அதனால் மைனஸ் ஒண்ணு இங்கே செல்லாது; படுத்திருக்கும் கோடான y = 5 தான் விடை. டீச்சரின் பிள்ளைகள் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். விடைக்குறிப்போ, 'சாய்வு இல்லை. ஆகவே செங்குத்துக் கோடும் இல்லை' என்றது.

அந்தத் தேர்வை வைத்துத்தான் பிள்ளைகளைப் பிரிவு பிரிப்பார்கள். இந்த மார்க் போனால் பாதிப் பேர் கடைசிப் பிரிவுக்குப் போக வேண்டியதுதான். டீச்சர் எல்லோருக்கும் முழு மார்க் போட்டார். மறுநாள் காலை தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

"குறிப்புல இருக்கிற மாதிரி திருத்துங்கம்மா. இல்லன்னா நாளையிலேருந்து வர வேணாம்."

"வரல சார். ஆனா இன்னிக்கு இருக்கேன்ல? கொஞ்சம் வெளிய வாங்க."

மைதானத்தில் காலைக் கூட்டத்துக்கு மொத்தப் பள்ளியும் நின்றுகொண்டிருந்தது. டீச்சர் நேராகக் கொடிக்கம்பத்திடம் போனார்.

"இது நேரா நிக்குதா சார்?"

"நிக்குது."

"உங்க குறிப்புப்படி இதுக்குச் செங்குத்தா ஒண்ணும் கெடையாது. அப்ப நாம எது மேல நிக்கிறோம்?"

தாளாளர் குனிந்து தரையைப் பார்த்தார். மொத்தப் பள்ளியும் குனிந்து பார்த்தது. பி.டி. மாஸ்டர் என்ன செய்வதென்று தெரியாமல் விசில் ஊதினார்.

மார்க் பிழைத்தது. மதியம் அதைப் பற்றிச் சுற்றறிக்கை எழுதத் தாளாளர் என்னைக் கூப்பிட்டார். 'விடைக்குறிப்பில் அச்சுப்பிழை' என்று போடச் சொன்னார். டீச்சர் அதற்கும் மசியவில்லை. கைப்பையை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் நின்றுவிட்டார்.

"அச்சு இன்னா சார் பண்ணிச்சு? பிழைன்னு போடுங்க. அதுவரைக்கும் உள்ள வரமாட்டேன்."

கேட்டுக்கும் ஆபீசுக்குமாகக் காகிதத்தோடு ஓடி ஓடி எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. கடைசியில், நம் வேலை என்ன ஆகுமோ என்ற நடுக்கத்தோடு, நானே 'அச்சு'வைக் கோடு போட்டு அடித்துவிட்டு நீட்டினேன். தாளாளர் என்னைப் பார்த்தார். ஜன்னல் வழியாக டீச்சரைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

"அந்தம்மாவ உள்ள வரச் சொல்லுங்க சார். வெயில்ல நிக்கிறாங்க."

இப்போது டீச்சர் அரசு வேலை கிடைத்துக் கடப்பாக்கம் பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறார். எங்கள் ஸ்டாஃப் ரூமில் சத்தமே இல்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கிறோம். அவருடைய நாற்காலியைப் புதிதாக வருகிறவர்கள் யாராவது இழுத்தால் மட்டும், "அதுல ஆள் இருக்காங்க" என்று சொல்லிவிடுகிறேன்.